சுமையை இறக்கி வைப்போம், எறிந்துவிட வேண்டாம்!

(பட்டிமன்றத் தலைப்பு: ‘வேலைச் சுமையிலிருந்து விடுபட வழி, வேலையை விட்டு விலகுவதா? வேலைக்கு எல்லை வகுப்பதா?’ ‘எல்லை வகுப்பதே’ என்ற அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! ‘வேலையை விட்டால்தான் விமோசனம்’ என்று இங்கே முழங்கிவிட்டு, நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஒழுங்காக ஆபீஸுக்குப் போகப் போகிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு, கைதட்டல்)

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி ரொம்ப அழகா ஒரு கேள்வி கேட்டாங்க. “தலையில பாரம் இருக்கு. கழுத்து வலிக்குது. கழுத்துக்குத் தைலம் தடவுறதா, பாரத்தைக் கீழே போடுறதா?” என்று கேட்டாங்க. நீங்க எல்லாரும் கைதட்டினீங்க. நானும்தான் தட்டினேன். நல்ல கேள்வியம்மா. ஆனா அதுக்கு நம்ம முன்னோர்கள் ரொம்ப நாளைக்கு முன்னாலேயே கல்லுல பதில் எழுதி வெச்சுட்டுப் போயிருக்காங்க.

நம்ம ஊர்ப் பழைய சாலை ஓரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருக்கீங்களா? ரெண்டு கல்லை நட்டு, அதுக்கு மேலே குறுக்கே ஒரு கல்லைப் படுக்க வெச்சிருப்பாங்க. வயிற்றுச் சுமையை இறக்கி வைக்காமலேயே கண்ணை மூடிய கர்ப்பிணிப் பெண்ணின் நினைவாக அதை வைப்பது வழக்கம். ‘அவளுக்குத்தான் இறக்கி வைக்கக் கொடுத்து வைக்கலை, வழியில போறவங்களாவது இறக்கி வைக்கட்டும்’ என்று நினைத்த மனசு இருக்கே, அது எவ்வளவு பெரிய மனசு!

அந்தக் கல்லின் உயரத்தைக் கவனிச்சிருக்கீங்களா? தரையோடு தரையா வைக்கலை. ஏறக்குறைய நெஞ்சு உயரத்துக்கு வெச்சான். ஏன்? மூட்டையைத் தரையில இறக்கிட்டா, திரும்பத் தூக்கிவிட இன்னொரு ஆள் வேணும். கல்லு மேலே வெச்சா தானே இறக்கலாம், தானே எடுத்துக்கலாம். ‘சுமந்துக்கிட்டே செத்துப் போ’ன்னும் அவன் சொல்லலை. ‘தூக்கி எறிஞ்சுட்டு ஓடிப் போ’ன்னும் சொல்லலை. இறக்கி வை, மூச்சு வாங்கு, தண்ணி குடி, மறுபடி எடுத்துக்கோன்னான். ஏன் தெரியுமா? அந்த மூட்டைக்குள்ளதானய்யா வீட்டுக்கு அரிசி இருக்கு! (பலத்த கைதட்டல்)

இதுதான் எங்கள் அணியின் கட்சி. சுமைதாங்கி வேணும். மூட்டையை எறியச் சொல்லாதீங்க.

வேலையை விடுறதுங்கிற கனவு யாருக்கு இல்லை? திங்கட்கிழமை காலையில அலாரம் அடிக்கும்போது இந்தியாவுல பாதிப் பேர் மனசளவுல ராஜினாமா பண்ணிடறாங்க. (சிரிப்பு) முதல் தேதி சம்பளம் வந்ததும் ராஜினாமாவை வாபஸ் வாங்கிடறாங்க! (சிரிப்பு, கைதட்டல்)

என் மச்சான் ஒருத்தர், வீட்டுக்காரியோட தம்பி. பழைய மகாபலிபுரம் சாலையில ஒரு மென்பொருள் கம்பெனியில இருந்தார். “மாமா, கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு போச்சு. நான் மண்ணுக்குத் திரும்புறேன்”னார். திண்டிவனம் பக்கம் ரெண்டு ஏக்கர் வாங்கினார். இருபது ஆடு, நாலு மாடு. நான்கூடப் பொறாமைப்பட்டேன். ஆறு மாசம் கழிச்சுப் போய்ப் பார்த்தேன். ராத்திரி பதினோரு மணி. நாங்க படுக்கப் போறோம், ஆடு குட்டி போடப் போகுது! இவர் டார்ச் லைட்டை எடுத்துக்கிட்டு ஓடுறார். விடிகாலை நாலரைக்கு மாடு கத்துது. அஞ்சு மணிக்குப் பால் வாங்குறவர் போன்ல கத்துறார். நான் கேட்டேன், “ஏன் மாப்பிள்ளை, இங்கே ஞாயித்துக்கிழமை லீவு உண்டா?” “மாமா, அதை நான் மாட்டுக்கிட்ட எப்படிச் சொல்றது?”ன்னார். (பலத்த சிரிப்பு)

நடுவர்: ஆடு மாடுக்கு கேஷுவல் லீவு கிடையாதுன்னு சொல்லுங்க!

சரியாச் சொன்னீங்க, ஐயா. மாட்டுக்கு கேஷுவல் லீவும் கிடையாது, மெடிக்கல் லீவும் கிடையாது. நான் மச்சானைக் கேலி பண்றதுக்காக இதைச் சொல்லலை. இன்னைக்கும் அவர் அங்கேதான் இருக்கார், நல்லாவே இருக்கார். ஆனா எப்ப நல்லானார் தெரியுமா? மாட்டை ரெண்டாக் குறைச்சார். உதவிக்கு ஒரு ஆள் வெச்சுக்கிட்டார். ராத்திரி எட்டுக்கு மேலே போனை அணைச்சார். அதாவது, அங்கேயும் எல்லை வகுத்தார். வேலையை அவர் விட்டார், ஆனா வேலை அவரை விடலை. எல்லை போடத் தெரியாதவனுக்கு ஆபீஸும் சிறைதான், தோட்டமும் சிறைதான்! (கைதட்டல்)

அடுத்து எதிரணித் தம்பி கணிதமேதை ராமானுஜனைத் துணைக்குக் கூப்பிட்டார். “சென்னைத் துறைமுகத்துல குமாஸ்தா வேலையை விட்டதாலதான் உலகம் அவரை அறிஞ்சுது”ன்னார். தம்பி, பாதிக் கதையைச் சொன்னீங்க. மீதியை நான் சொல்றேன். 1912-இல் துறைமுகக் கணக்குப் பிரிவில் அவர் சேர்ந்தபோது மாதம் 30 ரூபாய் சம்பளம். அங்கே தலைமைக் கணக்கர் நாராயண அய்யர். அவரும் கணிதம் தெரிந்தவர். ராமானுஜனோடு உட்கார்ந்து கணக்குப் பேசியவர். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருக்காக அக்கறை எடுத்துக்கொண்டவர். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு ராமானுஜன் கடிதம் எழுதியபோது, தன்னைத் துறைமுக அலுவலகக் குமாஸ்தா என்றுதான் அறிமுகம் செய்துகொண்டார். அந்த ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அதற்குப் பிறகுதான் துறைமுக வேலையிலிருந்து விலகி ஆராய்ச்சிக்குப் போனார். முப்பது ரூபாயிலிருந்து எழுபத்தஞ்சு ரூபாய்! தம்பி, இதுக்குப் பேர் ஓடிப்போறது இல்லை. வழி தெரிஞ்சு போறது! (சிரிப்பு, கைதட்டல்)

அதைவிட முக்கியம், குமாஸ்தா நாற்காலியில இருந்தப்பவே அவருக்கு மூச்சு விட இடம் கொடுத்த ஒரு மேலதிகாரி இருந்தார். அதுதான் சுமைதாங்கி. இதைக் கேட்டுக்கிட்டிருக்கிற மேலதிகாரிகளே! உங்க கீழே வேலை பார்க்கிறவன் உங்களுக்கு என்ன கொடுக்கிறான்னு தினமும் கணக்குப் பார்க்கிறீங்க. அவனுக்கு நீங்க சுமைதாங்கியா இருக்கீங்களா, இல்லை மூட்டை மேலே ஏறி உட்கார்ந்திருக்கீங்களான்னு ஒரு நாளாவது கேட்டுப் பாருங்க. (கைதட்டல்)

நடுவர் அவர்களே, இன்னொரு விஷயம். ‘வேலையை விட்டுடு’ன்னு சொல்றோமே, யாரைப் பார்த்துச் சொல்றோம்? வங்கியில கொஞ்சம் பணம், அப்பா கட்டின வீடு, சம்பாதிக்கிற துணை, இதெல்லாம் இருக்கிறவனுக்கு அது ஒரு யோசனை. இல்லாதவளுக்கு?

தியாகராய நகர் துணிக்கடைக்குத் தீபாவளிக்குப் போறோம். ஐம்பது புடவையைப் பிரிச்சுப் போடச் சொல்றோம். நாம நாற்காலியில உட்கார்ந்திருக்கோம். பிரிச்சுப் போடுற பொண்ணு நின்னுக்கிட்டே இருக்கா. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நிக்கிறா. கால் வீங்குது, நரம்பு சுருட்டுது. ஊர்ல அம்மாவுக்கு மாசாமாசம் பணம் அனுப்பணும். அவகிட்டப் போய், ‘அம்மா, மனசுக்குப் பிடிக்கலைன்னா வேலையை விட்டுட்டு இயற்கையோட வாழு’ன்னு சொல்ல முடியுமா? (அரங்கில் அமைதி)

அவளுக்கு என்ன வேணும்? ஒரு ஸ்டூல் வேணும்! வாடிக்கையாளர் இல்லாத நேரத்துல உட்கார ஒரு ஸ்டூல். கேரளத்துப் பெண்கள் அதுக்காகப் போராடினாங்க. அங்கே 2018-இல் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று வைத்தார்கள். அவங்க வேலையை விடலை. வேலைக்கு எல்லை போட்டாங்க. நீ விட்டுட்டுப் போனா, உன் இடத்துல நாளைக்கு இன்னொருத்தி வந்து நிப்பா. நீ ஒரு ஸ்டூல் வாங்கிக் கொடுத்தா, உனக்குப் பின்னால வர்ற அத்தனை பேரும் உட்காருவாங்க! (நீண்ட கைதட்டல்)

வரலாறு முழுக்க இப்படித்தான். 1886 மே முதல் நாள், அமெரிக்காவுல லட்சக்கணக்கான தொழிலாளிகள் தெருவுக்கு வந்தாங்க. ‘ஆலையை விட்டுப் போறோம்’னா சொன்னாங்க? ‘எட்டு மணி நேரம்தான் வேலை’ன்னாங்க. 1923-இல் நம்ம சென்னைக் கடற்கரையில சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். அதிலிருந்து சரியா நூறு வருஷம் கழிச்சு, 2023 ஏப்ரலில், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம் தரும் திருத்தம் நம்ம சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றாக எதிர்த்தன. அந்த ஆண்டு மே தினத்தன்றே அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது. எல்லைக் கோட்டை ஒரு தடவை போட்டாப் போதாது, அழிய அழியத் திரும்பப் போடணும். நம்ம வீட்டு வாசல்ல கோலம் போடுற மாதிரி, தினமும் போடணும்! (கைதட்டல்)

மெரினாவில் உழைப்பாளர் சிலை இருக்கு. தேவி பிரசாத் ராய் சௌத்ரி உருவாக்கினது. 1959 முதல் அங்கே நிற்குது. நாலு பேர் ஒரு பாறையை நகர்த்துறாங்க. நாலு பேர்! நம்ம ஆபீஸ்லதான் பாறை ஒருத்தன் தலையில, மத்த மூணு பேர் மீட்டிங்ல! (பலத்த சிரிப்பு)

சிரிச்சுட்டோம். ஆனா இது சிரிச்சுட்டு விடுற சமாச்சாரம் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் உலகத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் ஒரு கணக்கு வெளியிட்டாங்க. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை பார்த்ததன் விளைவாக, 2016 என்ற ஒரே ஆண்டில், பக்கவாதத்தாலும் இதய நோயாலும் ஏறக்குறைய 7,45,000 பேர் உலகத்தில் இறந்திருக்காங்க. ஜப்பான்காரங்க இதுக்குன்னே ஒரு சொல் வெச்சிருக்காங்க, ‘கரோஷி’. வேலை பார்த்தே சாகிறது. நம்ம தமிழில் அப்படி ஒரு சொல் இன்னும் பிறக்கலை. பிறக்காமலே இருக்கட்டும்.

மணி அடிக்கிறதுக்கு முன்னால என் சொந்தக் கதை ஒண்ணைச் சொல்லிடறேன். மேடையில இதுவரைக்கும் நான் சொன்னதில்லை.

நான் ஒரு வங்கி அதிகாரி. சில வருஷத்துக்கு முன்னால ஒரு கிளையில இருந்தேன். பகல் முழுக்க கவுண்டர், கடன், கணக்கு. சாயங்காலம் ஆனா, ‘இன்னைக்கு எத்தனை இன்ஷூரன்ஸ் பாலிசி பிடிச்சீங்க?’ன்னு கேள்வி. ராத்திரி பத்தே முக்காலுக்கு வாட்ஸப்ல மேலதிகாரி கேட்பார். நான் சாப்பாட்டுத் தட்டை ஒரு கையிலும் போனை ஒரு கையிலும் வெச்சுக்கிட்டு பதில் போடுவேன். என்ன குழம்புன்னு கேட்டா எனக்குத் தெரியாது.

ஒரு நாள் பென்ஷன் வாங்க ஒரு வயசான அம்மா வந்தாங்க. பாஸ்புக்கை நீட்டி, “எவ்வளவு இருக்குன்னு பாருங்க தம்பி”ன்னாங்க. பார்த்துச் சொன்னேன். காது மந்தம் போலிருக்கு, திரும்பக் கேட்டாங்க. நான் கத்திட்டேன். எங்க அம்மா வயசு அவங்களுக்கு. பாங்க்கே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திட்டேன். அந்த அம்மா கோபப்படலை. என் முகத்தையே பார்த்தாங்க. “தம்பி, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?”ன்னு கேட்டாங்க. (அரங்கில் அமைதி)

அன்னைக்கு ராத்திரி ராஜினாமா கடிதம் எழுதினேன். ‘சொந்தக் காரணங்களுக்காக’ன்னு போட்டு, சட்டைப் பையில வெச்சுக்கிட்டேன். கொடுக்கத் தைரியம் வரலை. கிழிக்கவும் மனசு வரலை. நாலு மாசம், சட்டை மாத்துறப்ப கடிதத்தையும் மாத்திக்கிட்டே இருந்தேன்! ஒரு நாள் மறந்துட்டேன். சட்டையைத் துவைக்கப் போட்டப்ப வீட்டம்மா கையில அது சிக்கிடுச்சு.

சண்டை வரும்னு நினைச்சேன். வரலை. பையன் தூங்கினதுக்கப்புறம் என் முன்னால வந்து உட்கார்ந்து, “சொந்தக் காரணம்னு போட்டிருக்கீங்களே, அது என்னன்னு எனக்குச் சொல்லுங்க. நானும் உங்க சொந்தம்தானே?”ன்னு கேட்டாங்க. (கைதட்டல்)

அந்தக் கடிதத்தின் பின்பக்கத்துலேயே எழுதச் சொன்னாங்க. எது எது உயிரை எடுக்குதுன்னு எழுதினேன். பக்கம் பக்கமா வரும்னு நினைச்சேன். மூணே மூணுதான் வந்துது. ராத்திரி வர்ற போன். மதியம் சாப்பிட நேரம் இல்லாதது. வேண்டாம்னு சொல்ற ஜனங்க தலையில பாலிசியைக் கட்டுறது. அவ்வளவுதான். கவுண்டர்ல ஜனங்களைப் பார்க்கிறது அந்தப் பட்டியல்ல இல்லை. கணக்கு நேராகிற சந்தோஷம் அதில் இல்லை. பதினாறு வருஷ வேலையை மூணு தொல்லைக்காகத் தூக்கி எறிய இருந்தேன்!

மறுநாள் மேலதிகாரிகிட்டப் போனேன். கை நடுங்கிச்சு. “சார், எட்டு மணிக்கு மேலே அவசரம்னா கூப்பிடுங்க. எண்ணிக்கை கேட்கக் கூப்பிடாதீங்க. மதியம் இருபது நிமிஷம் நான் சீட்ல இருக்க மாட்டேன். தேவை இல்லாதவங்களுக்குப் பாலிசி விற்க மாட்டேன்”னு சொன்னேன். அவருக்குப் பிடிக்கலை. நான் உண்மையைச் சொல்றேன், இதுக்கு விலை உண்டு. அடுத்த பதவி உயர்வுப் பட்டியல்ல என் பேர் இல்லை. என்னைவிட ஆறு வயசு இளையவர் இன்னைக்கு எனக்கு அதிகாரி. அவரை ‘சார்’னுதான் கூப்பிடுறேன். முதல் தடவை கூப்பிட்டப்ப தொண்டையில முள் குத்தின மாதிரி இருந்துச்சு. ஆனா ஐயா, இன்னைக்கு எங்க வீட்டுல என்ன குழம்புன்னு எனக்குத் தெரியும்! (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)

எதிரணி நண்பர்களுக்கு ஒண்ணை மட்டும் ஒத்துக்கறேன். உயிருக்கு ஆபத்துன்னா, மானத்துக்கு இழுக்குன்னா, மருத்துவர் ‘போதும்’னு சொல்லிட்டா, வேலையை விடுங்க. ஒரு நாள்கூடத் தாமதிக்காதீங்க. எந்த வேலையும் உயிரைவிடப் பெரிசு இல்லை. போகணும்னு முடிவு பண்ணினாலும், ராமானுஜன் மாதிரி அடுத்த படியைப் பார்த்துக் காலை வையுங்க. மத்த நாள்ல, விட்டுடணும்னு தோணும்போது, அந்த ஆசையைக் காய்ச்சல் மாதிரி நினைங்க. காய்ச்சல்தான் நோய்னு நினைச்சுடாதீங்க. உள்ளே என்னமோ கெட்டுப் போச்சுன்னு உடம்பு சொல்ற சேதி அது. ஒரு காகிதத்தை எடுத்து, கெட்டது எதுன்னு எழுதுங்க. வீட்டுல இருக்கிறவங்ககிட்டக் காட்டுங்க. மாத்த முடிஞ்சதைக் கேட்டு மாத்துங்க. தனியாக் கேட்க முடியாததை நாலு பேரோட சேர்ந்து கேளுங்க.

வீட்டுல இருக்கிற தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்க பார்க்கிற வேலைக்கு ராஜினாமா கடிதமே கிடையாது. அதனால உங்களுக்குத்தான் சுமைதாங்கி ரொம்ப வேணும். எங்க வீட்டம்மா எனக்குக் கல்லா இருந்தாங்க. நான் அவங்களுக்கு இருக்கேனான்னு கேட்டா, இப்பத்தான் கத்துக்கிட்டு வர்றேன். ஞாயித்துக்கிழமை அடுப்படி என்னோடது. குழம்பு மட்டும் சுமார். (சிரிப்பு)

அந்தப் பென்ஷன் அம்மா இப்பவும் வர்றாங்க. நான் மன்னிப்புக் கேட்டேன். “எதுக்குத் தம்பி?”ன்னாங்க. அவங்களுக்கு ஞாபகமே இல்லை. எனக்கு இருக்கு. இப்ப அவங்க எத்தனை தடவை கேட்டாலும் கணக்கைச் சொல்றேன். நான் அன்னைக்கு அந்தக் கடிதத்தைக் கொடுத்திருந்தா, அவங்ககிட்ட நான் கடைசியாப் பேசினது கத்தினதாத்தான் இருந்திருக்கும். (கைதட்டல்)

(மணி ஒலிக்கிறது)

நடுவர்: இன்னும் ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளலாம்.

வேண்டாம் ஐயா. எல்லை வகுக்கணும்னு பேச வந்தவன், மணி அடிச்ச பிறகு பேசினா நானே என் கட்சியைத் தோற்கடிச்ச மாதிரி ஆயிடும்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அமர்கிறேன்.